ஸ்டார் ஸ்க்ரூ இருக்கிறது, திருப்புளி இல்லை

ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்கள் சாமானின் பெயரைச் சொல்வதே இல்லை. விரலை மடக்கி, "இத்தனை நீளம் இருக்கும், நுனியில கொஞ்சம் இப்படி வளைஞ்சிருக்கும்" என்று காற்றில் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் சாமான் எடுத்துக் கொடுத்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டென்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

எழுபதுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. என் வீட்டுக்காரர் பரணிலிருந்து கீல் பெட்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அவர் வீட்டில் படுத்திருக்க, நான் கல்லாவில் உட்கார்ந்தேன். கடை இருந்த கட்டடம் அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தார். எங்கள் இடத்திலும் பாத்திரத்தை அடுக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

அவருக்குத் தோதாக என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். கிண்டியில் மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில் சாக்குச் சாக்காக எவர்சில்வர் ஸ்க்ரூ எடுத்திருந்தார். அத்தனையும் ஸ்டார் தலை. அப்போதெல்லாம் ஸ்க்ரூ என்றால் தலையில் ஒரு கோடு கிழித்திருக்கும், அவ்வளவுதான். இதன் தலையிலோ கூட்டல் குறி மாதிரி பள்ளம். அதைத் திருகத் தனித் திருப்புளி வேண்டும். எனக்குத் தெரிந்து மந்தைவெளி முழுக்க அப்படிப்பட்ட திருப்புளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் எங்கள் கடையில்.

பெரியத்தான் வந்து சாக்குகளைப் பார்த்தார். "இந்தா பாரும்மா, தீவாளிக்குள்ள இத வித்துரு. விக்கலன்னா கடைய எடுத்துருவேன், வருத்தப்படக் கூடாது" என்றார். வருத்தப்படாமல் என்ன? உட்கார்ந்த ஒரு வாரத்திலேயே அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. எழுந்து போக மனசே இல்லை.

என்ன ஸ்டார்?

முதல் போணி மயிலாப்பூர் மாமா ஒருவர். வாசல் கதவில் பித்தளைப் பெயர்ப் பலகை மாட்ட வேண்டும், மழைச் சாரல் அடிக்கிற இடம் என்றார். இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஒரே மழையில் துரு வழிந்து பெயரே அழுதாற்போல் ஆகிவிடும், எவர்சில்வர்தான் சரி என்று எடுத்துச் சொன்னேன். டம்ளர் செய்கிற எவர்சில்வரில் ஸ்க்ரூவும் செய்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டுவிட்டுச் சரியென்றார். தலையைப் பற்றியும் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது என்று, "ஸ்டார் பரவாயில்லையா சார்?" என்று கேட்டேன்.

மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரோகிணி. ரெண்டாம் பாதம். ஜாதகம் ஆத்துல இருக்கு, நாளைக்கே எடுத்துண்டு வரேன். பொண்ணு என்ன படிச்சிருக்கா?" பையனுக்குப் பெண் பார்க்க நட்சத்திரத்தைச் சொல்கிறார் என்று புரிந்து, ஒரு ஸ்க்ரூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துத் தலையைக் காட்டினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. இருந்தாலும் நாலு ஸ்க்ரூ வாங்கிக்கொண்டார். படி இறங்கினவர் திரும்பிப் பார்த்து, "கடைக்கு நாலு பேர் வந்து போறா. நல்ல எடமா ஏதாவது காதுல விழுந்தா சொல்லி வைங்கோ" என்றார்.

முக்கால் சுத்தியல், கால் திருப்புளி

அந்தக் காலத்து ஆசாரிகளுக்கு ஸ்க்ரூ என்பது ஒரு வகை ஆணிதான். முக்கால்வாசியைச் சுத்தியால் அடித்து இறக்கிவிட்டு, மீதிக் கால்வாசியை மரியாதைக்காகத் திருப்புவார்கள். சிந்தாதிரிப்பேட்டைக் கன்னியப்பன் எங்கள் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரி. எவர்சில்வர் என்று ஆசையாக ஒரு பொட்டலம் வாங்கிப்போனவர், மத்தியானமே திரும்பி வந்து கல்லாவில் கொட்டினார். தலையெல்லாம் நசுங்கி, கூட்டல் குறி கழித்தல் குறியாகியிருந்தது. "இன்னாம்மா சரக்கு இது, தல சப்பிக்கினு பூடுச்சி" என்றார். சுத்தியால் அடித்தீர்களா என்று கேட்டேன். "பின்ன, அடிக்காம எப்டிம்மா எறங்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சாக்குகள் அப்படியே மூலையில் உட்கார்ந்திருந்தனவே. ஒரு பலகையை எடுத்து வைத்து, முதலில் துளை போடுங்கள், ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பு தடவுங்கள், அப்புறம் இந்தத் திருப்புளியால் திருப்புங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். முனகிக்கொண்டே செய்தார். கோடு போட்ட ஸ்க்ரூவில் திருப்புளி வழுக்கி எத்தனையோ தடவை அவருடைய இடது கட்டைவிரலைப் பதம் பார்த்திருக்கிறது. இதில் நுனி பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது, அசையவில்லை. அவர் ஒரு ஸ்க்ரூ இறக்கினார், இன்னொன்று இறக்கினார், பலகையில் இடம் இருந்த வரைக்கும் இறக்கினார். அப்புறம் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இத்த நான் எட்துனு போறேன். ஸ்க்ரூவ நீயே வச்சிக்கம்மா" என்றார்.

ஒரு காது தோடு

கடைப் பலகை எழுத வந்தவர் தமிழ்ப் பற்று உள்ளவர். ஸ்க்ரூ என்று எழுத மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, 'இங்கு எல்லா அளவிலும் திருகாணிகள் கிடைக்கும்' என்று பெரிதாக எழுதிவிட்டுப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுப்புடவை கட்டின அம்மாள் ஒருத்தி வேகமாக உள்ளே வந்தாள். ஒரு காதில் வைரத் தோடு, இன்னொரு காது மூளி. கையை விரித்துக் கழற்றின தோட்டைக் காட்டி, "பின்பக்கத் திருகாணி எங்கேயோ விழுந்துடுத்து. முகூர்த்தத்துக்குப் போயிண்டிருக்கேன், சட்டுனு ஒண்ணு குடுங்கோ" என்றாள். இருப்பதிலேயே சின்ன ஸ்க்ரூவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, இதைக் காதில் போட்டால் தலை சாய்ந்துவிடும் என்றாள்.

நகைக்கடை பூட்டியிருந்தது. அம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவள் மூளிக் காதோடு கல்யாணத்துக்குப் போவதை நினைக்க எனக்கும் பாவமாக இருந்தது. சைக்கிள் டயருக்குக் காற்று அடிக்கிற இடத்தில் போடும் வால்வு டியூப் கடையில் இருந்தது. அதில் ஒரு துளி நறுக்கித் தோட்டின் பின்னால் மாட்டி அழுத்தினேன். கவ்விக்கொண்டது. மறுநாள் அவள் வந்து சமையலறை அலமாரிக்கு என்று ஒரு பெரிய பொட்டலம் ஸ்டார் ஸ்க்ரூ வாங்கினாள். காசைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணத்துல நாத்தனார் வந்து, தோடு நன்னாருக்கே, எந்தக் கடைன்னு கேட்டா. தோடு பிறந்தாத்துல போட்டது, திருகாணி மந்தைவெளி இரும்புக் கடைன்னு சொன்னேன்."

திருப்புளிக்கு அடமானம்

ஸ்க்ரூ விற்க ஆரம்பித்ததும் அடுத்த தொல்லை திருப்புளி. இருந்தது ஒன்று, அதையும் கன்னியப்பனிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்தேன், கேட்டவர்களோ பலர். கடனாகக் கொடுத்தால் திரும்பி வராது. ஆகவே ஏதாவது ஒரு பொருளை வைத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். குடை வந்தது, மூக்குக் கண்ணாடி வந்தது. ஒரு மனிதர் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு விந்தி விந்திப் போனார். கன்னியப்பன் தன் இழைப்புளியையே வைத்துவிட்டுப் போவார்.

அடையாறில் ஒரு பாங்க் குமாஸ்தா, கொல்லைப்புறக் குளியலறைக் கதவுக்கு என் பேச்சைக் கேட்டுப் பட்டைக் கீலை எவர்சில்வர் ஸ்டாரில் முடுக்கியிருந்தார். ஈரம் படுகிற இடத்துக்கு அதுதான் சரி, அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் உள்ளே தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது, அவருடைய மாமியார் உள்ளே. வெளியிலிருந்து கீலைக் கழற்றினால்தான் வழி. மனைவி விரட்ட, சைக்கிளில் வந்து நின்றார். திருப்புளியைக் காணோம், கல்லாவில் இழைப்புளி இருந்தது. கன்னியப்பனிடம் இருக்கிறது, பக்கத்துத் தெருவில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஓடிப்போய்க் கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன். குமாஸ்தா சாவகாசமாகக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லம்மா, பாவம், சாப்பிட்டுட்டே வரட்டும். நானும் உக்காந்துக்கறேன்" என்றார்.

உப்புக் காற்று

அடையாறைத் தாண்டிக் கடலோரமாகப் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே இரும்பு ஸ்க்ரூ போட்டு மாட்டிய ஜன்னல் அடுத்த வருஷம் கையோடு வந்துவிடும். இதற்குள் எனக்கும் நாக்கு பழகிவிட்டது: வெயில் மழை படாத பெட்டிக்கு இரும்பு போதும், பூஜையறைக் கதவுக்குப் பார்வையாகப் பித்தளை, கடல் காற்று படுகிற எதற்கும் எவர்சில்வர் என்று ஒப்பித்துவிடுவேன். அங்கே மேஸ்திரியாக இருந்த ஒருவர் ஒரு சாக்கையே எடுத்துக்கொண்டார். இதற்குள் சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையில் சொல்லி ஸ்டார் திருப்புளிகளும் அடித்து வாங்கியிருந்தேன். ஆனாலும் தீபாவளி நெருங்கியபோது இரண்டு சாக்கு அப்படியே இருந்தது. காற்றில் வருகிற உப்பா இரும்பை இப்படித் தின்கிறது என்று மேஸ்திரியைக் கேட்டேன். "அங்க உப்பு இல்லாத எடமே கெடையாதும்மா, எங்க வூட்டுச் சாம்பாரு ஒண்ணத் தவிர" என்றார்.

சொந்தக்காரர் டப்பா

ஐப்பசி அடைமழை. தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. பெரியத்தான் ஒரு கைவண்டி நிறையப் பாத்திரத்தோடு வந்து இறங்கினார். கெடு முடிவதற்குள்ளேயே இப்படியா என்று நினைத்தேன். அவர் முகமும் சரியில்லை. ஒரு தட்டை எடுத்து என் முன்னால் போட்டார். விளிம்பில் பழுப்பாகக் கறை. "எல்லாத் தட்டும் இப்படித்தான். எவர்சில்வர் துரு பிடிக்குது, கலப்படம்னு ஒரு அம்மா கூட்டத்துல வச்சுக் கேட்டுட்டா. நேத்தையிலருந்து ஒருத்தரும் கடையேறல. அங்க ஈரம். சரக்க இங்க அடுக்கிருதேன், நீ எடத்த ஒழி" என்றார்.

நான் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாத் தட்டிலும் கறை ஒரே இடத்தில் இருந்தது. என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஊறுகாய் எலுமிச்சையை எடுத்துத் தேய்த்தேன். கறை போய்ப் பளபளவென்று ஆயிற்று. துரு தட்டுடையது இல்லை, மேலேயிருந்து சொட்டினது. "ரேக்குல என்ன ஸ்க்ரூ போட்டிருக்கு பெரியத்தான்?" என்று கேட்டேன். "நம்ம கடை ஸ்க்ரூதான். தம்பிதான் குடுத்தான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டுக்காரர் ஒரு டப்பா தனியாக வைத்திருந்தார். காசு தராத சொந்தக்காரர்கள் வந்தால் அதிலிருந்துதான் அள்ளிக் கொடுப்பார். பழைய இரும்பு, மட்ட இரும்பு, உள்ளதிலேயே கழிசல். சொன்னால் படுத்திருக்கிற மனுஷனுக்குத் திட்டு விழும், சொல்லாவிட்டால் கடை போய்விடும். டப்பாவை எடுத்து வந்து திறந்தே காட்டிவிட்டேன். பெரியத்தான் அதைக் கிளறிப் பார்த்தார். "எனக்கு மட்டுமா?" என்றார். "எல்லாச் சொந்தத்துக்கும்" என்றேன்.

கன்னியப்பனைக் கையோடு தி.நகருக்கு அனுப்பினோம். கடை முழுக்க ரேக், கொக்கி எல்லாவற்றிலும் இரும்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்டார் போட்டார். இரண்டு சாக்கும் காலியாயிற்று. நான் பில் எழுதி நீட்டினேன். "எனக்குமா?" என்றார். "ஆமா பெரியத்தான்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் வைத்தார்.

தீபாவளி கழிந்து, மாவுக்கட்டும் பிரித்த பிறகு பெரியத்தான் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். பெரியத்தான் அந்தச் சாவியை வாங்கி என் கையில் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கச் சங்கடம் ஒரு பக்கம். பெரியத்தான் தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "நீ எங்கூட தி.நகருக்கு வா, என் கண்ணு முன்னால இரு. கடைய அவ பாக்கட்டும். அவ சொந்தம்னு பாக்க மாட்டா."

அப்படி, சொந்தம் பார்க்காதவள் என்ற கெட்ட பெயரோடு கிடைத்த நாற்காலியில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர்கூட ஸ்க்ரூ வேண்டுமென்றால் முதலில் காசை வைத்துவிட்டுத்தான் காற்றில் படம் போடுகிறார்.