கழற்ற மனம் வராத றாம் சோடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில், கரவெட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் தொடங்கிய கதை இது. அந்த முன்னறைதான் என் தொழிற்கூடம். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்த வீடு என்று ஊரில் எது நடந்தாலும் கமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். எடுத்து வந்ததைக் கணினியில் வெட்டி ஒட்டி, வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்பி வைப்பேன். ஒரு பெண் கமராவோடு ஊர் சுற்றுகிறாள் என்று ஆரம்பத்தில் கதைத்தவர்களே பிறகு தங்கள் வீட்டு விசேஷத்துக்கு என்னைத் தேடி வந்தார்கள். ஊர்வாய்க்கு மூடி கிடையாது, நானும் மூடப் போகவில்லை.

தொழிலை நானும் கணவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். இந்தக் கதை நடக்கும்போது அவர் கனடாவுக்குப் போய் இரண்டு வருடம். போகிற கிழமை, கொழும்பில் ஓர் அலுவலகம் பாவித்துக் கழித்த பெரிய வேர்க்ஸ்டேஷன் கணினி ஒன்றை வாங்கி வந்து, மேசைக்குக் கீழே சப்பாணி கட்டி இருந்து, அதற்குள் இரண்டு எட்டு ஜிபி றாம்களைப் பூட்டிவிட்டுப் போனார். றாம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலை செய்யும்போது கணினி தன் சாமான்களைப் பரப்பி வைக்கிற மேசை மாதிரி அது. மேசை பெரிதென்றால் வேலை கெதியாக நடக்கும்.

காலம் போகப் போகக் கமராக்கள் பெரிய பெரிய படங்களாக எடுக்கத் தொடங்கின, எங்கள் மேசை போதவில்லை. ஒரு கலியாண வீட்டைத் திறந்தால் கணினி மூச்சு வாங்கும். புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் களைத்த கணவர், கோயில் தேருக்கு ஊருக்கு வந்த தன் மச்சானிடம் இரண்டு பதினாறு ஜிபி றாம்களைக் கொடுத்துவிட்டார். சொக்கிலேற், சவர்க்காரங்களுக்கு நடுவே ஒரு காலுறைக்குள் சுற்றி வந்தது. அன்றைக்கே தொலைபேசியில் சொல்லியும் விட்டார்.

"இஞ்சரும், பழசு ரெண்டையும் கழட்டிப்போட்டு இது ரெண்டையும் மட்டும் போடும். ரெண்டு விதத்தையும் கலந்து போடாதையும்."

ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு, நாலையும் போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று, வெறும் பேராசை. நாலு இடம் இருக்கும்போது இரண்டை ஏன் வெறுமையாக விட வேண்டும்? பதினாறும் முப்பத்திரண்டும் நாற்பத்தெட்டு. மற்றக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பழைய சோடியைப் பிடித்து இழுக்கப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெட்டிக்குள் அவருடைய கை கடைசியாகப் பட்ட சாமான் அதுதான். புதிய சோடியும் அவர் அனுப்பியது. எதைக் கழற்றுவது? பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் ஆள் பக்கத்தில் இல்லாதபோது மனம் இப்படியான சாமான்களில்தான் போய்த் தொங்குகிறது.

கணினியும் ஒரு குறையும் சொல்லாமல் நாற்பத்தெட்டு என்று காட்டியது. வேலை பறந்தது. இடைக்கிடை தானாக அணைந்து திரும்ப எழும்பும். நான் மின்சாரசபையைத் திட்டிவிட்டு வேலையைத் தொடருவேன்.

அந்த நாட்களில்தான் சுவிஸிலிருந்து ஒருவர் அழைத்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அகதி வழக்கு முடியாததால் அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியாது. தாயைப் பார்த்து ஒன்பது வருடம். ஒரே பிள்ளை. போனில் கதைத்தால் பாதி கேட்கிறது, பாதி அறுந்து போகிறது, அம்மாவை இருத்திவைத்து வடிவாக ஒரு வீடியோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு அது பெரிய வேலையாகவே தெரியவில்லை.

போனேன். அந்த அம்மா பவுடர் பூசி, பெட்டிக்குள் இருந்து எடுத்த சேலையின் மடிப்புக்கூடக் கலையாமல் வந்து இருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. முதலில் சரியான கூச்சம். பிறகு கதைக்கத் தொடங்கியவர் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. நான் வெளிச்சத்தைப் பார்த்தேன், ஒலி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், பின்னால் ஒரு கோழி வந்து நின்றபோது சத்தம் போடாமல் அதைத் துரத்தினேன். கதையைத்தான் கமரா கேட்டுக்கொண்டிருக்கிறதே.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றினேன். முதல் இரண்டு நிமிடத்தை ஓட்டிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. கணினியில் இருந்ததையே இன்னொரு வட்டிலும் பிரதி எடுத்தேன். கமராவின் கார்ட்டில் இருந்ததையெல்லாம் துடைத்து, மறுநாள் ஒரு சாமத்திய வீட்டுக்குக் கொண்டுபோய் அது நிறைய எடுத்தேன். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்ததாகத்தான் அப்போது நினைப்பு. மகனும் ஆறுதலாகச் செய்யுங்கோ அக்கா, அவசரமில்லை என்றிருந்தார். அவசரமில்லை என்றதால் நானும் தொடவில்லை.

ஐந்து கிழமை கழித்து அந்த அம்மா நெஞ்சுவலியில் போய்விட்டார். செத்த வீட்டை நேரலையாகக் காட்டப் போனதும் நான்தான். மகன் அங்கே ஓர் அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளி வைக்கிற நேரம் வந்தது. அவர் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பாவின் மகன் வாங்கினார். அந்த நிமிடத்தில் மகனின் பெயர், நேரலை பார்ப்பவர்களின் வரிசையிலிருந்து மறைந்துவிட்டது.

எட்டாம் நாள் கழிந்ததும் அழைத்தார். "அக்கா, அந்த வீடியோவைத் தாங்கோ. முப்பத்தொண்டு, அந்தியேட்டி அண்டைக்கு நான் இஞ்சை தனிய இருந்து பாக்கோணும்."

உடனே திறந்தேன். மூன்றாவது நிமிடம் முடிகிற இடத்தில் அம்மாவின் முகம் பச்சைச் சதுரங்களாக உடைந்தது. குரல் தகரத்தைச் சுரண்டுகிற சத்தமாக மாறியது. பிறகு ஒன்றுமே இல்லை. பிரதி எடுத்த வட்டிலும் அதே இடத்தில் அதே உடைவு.

நெல்லியடியில் எனக்குத் தெரிந்த கணினி திருத்துபவரிடம் பெட்டியையும் கார்ட்டையும் கொண்டு ஓடினேன். அவர் மூடியைத் திறந்ததும் நாலு றாமையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு முழுநாள் சோதித்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, ரெண்டு சோடியும் நல்ல சாமான்தான். தனித்தனியப் போட்டுப் பாத்தன், ஒரு பிழையும் இல்லை. நாலையும் ஒண்டாப் போட்டாத்தான் பிழைக்குது. ஒண்டின்ரை வேகம் மற்றதுக்கு ஒத்துவரேல்லை. கொப்பி பண்ணேக்கையே உங்கடை வீடியோ சிதைஞ்சு போயிருக்கு."

கார்ட்டிலிருந்து பழையதை மீட்க முடியுமா என்று கெஞ்சினேன். அவரும் விடாமல் முயன்றார். மீட்டெடுத்த கோப்புகளில் எல்லாம் தண்ணீர் வார்த்த அந்தச் சாமத்தியப் பிள்ளைதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கார்ட் பழுதாகிவிட்டது என்று சொன்னால் போதும் என்று மனம் சொன்னது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அந்த யோசனையோடு இருக்கும்போது கணவர் அழைத்தார். அவரிடம் மறைக்க என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் சொன்னனான் எல்லோ? பிறகு ஏன் பழசைக் கழட்டேல்லை?"

"நீங்கள் போட்டது... உங்கடை கை பட்டது எண்டுதான் கழட்ட மனம் வரேல்லை" என்றேன்.

"விசரி, சரியான பைத்தியம் நீர்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் குரல் உடைந்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பெடியனுக்கு உள்ளதைச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சுவிஸில் இருந்த அந்த மகனுக்கு அழைத்தேன். றாமில் தொடங்கி, கார்ட்டைத் துடைத்தது, ஐந்து கிழமை சும்மா வைத்திருந்தது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. முதலில் அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் ஒருதரம் சொல்ல வைத்தார். தப்பியிருந்த அந்த மூன்று நிமிடத்தை அனுப்பியிருந்தேன். அதில் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறார், "தொடங்கிட்டுதோ பிள்ளை?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்கிறார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"அக்கா, நீங்கள் அங்கை இருந்தனீங்கள்தானே. அம்மா என்ன கதைச்சவ? எனக்குச் சொல்லுங்கோ."

அப்போதுதான் எனக்கு உண்மையான வெட்கம் வந்தது. நாற்பது நிமிடம் மூன்றடி தூரத்தில், காதில் ஹெட்போனோடு இருந்தவள் நான். யோசித்து யோசித்துப் பார்த்தேன். கிணற்று மோட்டார் பழுதானது, முருங்கை காற்றுக்கு முறிந்தது, பக்கத்து வீட்டு ஆடு வேலி பிரித்து வந்து மிளகாய்க் கன்றைத் தின்றது. அவ்வளவுதான் வந்தது. மகன் ஒவ்வொன்றுக்கும் "ம், ம்" என்றார். அவருக்கு வேண்டியது இதுவல்ல என்று எனக்கே தெரிந்தது. நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளைகுட்டியோடு நல்லாயிருக்க வேண்டும் என்று எந்தத் தாய்தான் சொல்லமாட்டாள்?

அந்த நேரத்தில்தான் ஒன்று ஞாபகம் வந்தது. எடுக்கும்போதே, இதை வெட்டிவிட வேண்டும் என்று நான் மனதில் குறித்து வைத்த இடம் ஒன்று இருந்தது. உயிரோடு இருக்கிறவர் வாயால் அமங்கலக் கதை எதற்கு என்று நினைத்திருந்தேன். வெட்ட நினைத்ததால்தான் அது சொல் பிசகாமல் என் தலைக்குள் கிடந்தது.

"தம்பி, அம்மா ஒண்டு சொன்னவ. 'நான் செத்தாலும் கேசைக் குழப்பிக்கொண்டு ஓடி வந்திடாதை ராசா. கொள்ளி வைக்க உன்ரை சித்தப்பன்ரை பெடியன் நிக்கிறான். நீ உன்ரை அலுவலைப் பார், எனக்கு அதிலை ஒரு மனவருத்தமும் இல்லை' எண்டு சொன்னவ."

அவர் மிக மெதுவாகக் கேட்டார்.

"உண்மையா அம்மா சொன்னவவோ அக்கா? இல்லாட்டி என்ரை மனம் ஆறட்டும் எண்டு நீங்கள் சொல்லுறியளோ?"

நான் என்னத்தைக் காட்டுவேன்? காட்ட வேண்டியது என்னிடம் இருந்தது, அதை நானே அழித்திருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஓர் இயலாமையை நான் உணர்ந்ததில்லை. கோயிலில் சத்தியம் செய்யவா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், அந்தப் பேச்சின் வால் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள் அல்லவா, அதைப் பற்றியது. சுறாவை உதிர்த்து, துருவிய தேங்காய்ப்பூவோடு வறட்டி எடுப்பதுதான் வறை.

"தம்பி, அதோடை இன்னொண்டும் சொன்னவ. 'எட்டுக்கு எனக்குச் சுறா வறை வைக்கச் சொல்லு. ஆனா உன்ரை சித்தியை மட்டும் சமைக்க விட்டிடாதை. அவள் தேங்காய்ப்பூவை எண்ணி எண்ணித்தான் போடுவாள். செத்தும் நான் காய்ஞ்ச வறை தின்னேலாது' எண்டு."

அந்த மனிதர் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாகியது.

"ஓம் அக்கா. அது அம்மாதான். உதை உங்களாலை இட்டுக்கட்டேலாது."

நானும் இந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். போதும் அக்கா, இனி நித்திரை கொள்ளுவன் என்றார்.

முப்பத்தோராம் நாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஓர் ஒடுங்கிய சமையலறை, கரண்டி குத்தி வைத்த ஒரு சட்டி, அதற்குள் சுறா வறை. அந்தியேட்டிக்கு மீன், இறைச்சி என்று மச்சம் படைப்பது வழக்கமில்லைதான். எட்டுக்கு நடக்காததை அவர் அன்றைக்கு நடத்தியிருந்தார். தேங்காய்ப்பூ சுறாவை மூடிக்கொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகும் நான் எத்தனையோ பேரைப் படம் எடுத்துவிட்டேன். இப்போது கோப்புகளை முழுவதும் ஓட்டிப் பார்க்காமல் கார்ட்டைத் துடைப்பதில்லை. அது தொழிலில் கற்ற பாடம். மற்றது எனக்கே எனக்கானது. கணவரின் வதிவிடக் கடுதாசிகள் இன்னும் சரிவரவில்லை, ஐந்தாவது வருடம் போகிறது. அவர் அழைக்கும்போது முன்பெல்லாம் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது கணினியை நிறுத்திவிட்டு, வேலைத்தளத்துச் சண்டை, அடிப்பிடித்த சோறு என்று அவர் சொல்கிற ஒன்றுக்கும் உதவாத கதையெல்லாம் இருந்து கேட்கிறேன். தூரத்தில் இருக்கிற ஒருவருக்காக என்னால் செய்ய முடிந்தது, அவர் பேசும்போது முழுதாகக் கேட்டு வைத்திருப்பது ஒன்றுதான் என்பதை, முகம் பார்த்தறியாத அந்தத் தம்பிதான் எனக்கு விளங்க வைத்தார்.