குளத்துப் பந்து

என் அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மற்றவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கோல்ஃப் ஆடப் போவார். கோல்ஃப் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் டிப்போவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே கிடக்கிற பொது மைதானம் அது. கடைசிக் குழிக்கு முன்னால் பாசி படிந்த ஒரு குளம் இருக்கிறது. யாரோ ஒரு மாடிக் குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்தபோது வேண்டாமென்று லிஃப்டுக்குள் விட்டுப்போன மட்டைப் பைதான் அத்தானின் இந்தப் பைத்தியத்துக்கு ஆரம்பம். அந்த மனுஷனை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அத்தான் புதுப் பந்து வாங்கி நான் பார்த்ததில்லை. கஞ்சத்தனம் என்று சொன்னால் அந்த வீட்டில் எனக்குக் காபி கிடைக்காது, அதனால் சொன்னதில்லை. ஆட்டம் முடிந்ததும் குளக்கரையில் குந்தி உட்கார்ந்து, நீளமான அலுமினியக் கம்பியின் நுனியில் கட்டிய வடிகட்டியால் துழாவுவார். வடிகட்டி எங்கிருந்து வந்தது என்று அக்காவைக் கேளுங்கள். கிடைத்த பந்துகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி, பால்கனியில் முட்டை அட்டைகளில் அடுக்குவார். மேல் அட்டையில் நல்லது, நடு அட்டையில் சுமார், கீழ் அட்டையில் வெடிப்பு விட்டதும் மஞ்சள் பூத்ததும். கீழ் அட்டைப் பந்துகள் தண்ணீருக்கென்றே நேர்ந்துவிட்டவை. குளத்தருகே வந்ததும் நல்ல பந்தைப் பையில் போட்டுவிட்டு, இதில் ஒன்றை எடுத்து வைத்து அடிப்பார். அதுவும் சொன்ன பேச்சுத் தட்டாமல் குளத்தில் போய் விழும்.

அவருடைய கூட்டாளி ஒரு மருந்துக்கடைக்காரர். புதுப் பந்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

"தண்ணியில கிடந்த பந்து தூரம் போகாதுங்க. காலாவதியான மருந்தை யாராவது சாப்பிடுவாங்களா?" என்பார்.

"அடி வாங்கின பந்து அடிக்குப் பயப்படாது. புதுசைப் பார்த்தா எனக்குத்தான் கை நடுங்குது. தொலைஞ்சா வயிறு எரியக் கூடாது. நம்மள மாதிரி ஆளுக்கு அதுதான் முக்கியம்" என்பார் அத்தான்.

இரண்டு பேர் பந்தும் ஒரே புதருக்குள் போவதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் யார் பக்கமும் பேசுவதில்லை.

அத்தானுக்கு ஒரே மகள். வேறு ஊரில் பிசியோதெரபிஸ்ட். ஞாயிறுதோறும் போன் செய்து, "குளத்தைத் தாண்டிச்சாப்பா?" என்று கேட்பாள். இல்லை, இல்லை என்று சொல்லி அலுத்துப்போய் ஒருநாள், "ம், தாண்டிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அவள் போட்ட சந்தோஷக் கூச்சல் அடுப்படியில் இருந்த அக்காவுக்கே கேட்டதாம். அப்புறம் எந்த வாரம் தாண்டாமல் இருக்க முடியும்? வாய் தாண்டிக்கொண்டே இருந்தது, பந்து மட்டும் முங்கிக்கொண்டே இருந்தது.

போன மாதம் அவள் லீவில் வந்தாள். கையில் ஒரு பெட்டி. திறந்தால் பளபளவென்று புதுப் பந்துகள், ஒவ்வொன்றிலும் 'அப்பா' என்று நீல எழுத்தில் அச்சடித்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன். இதுல ஒண்ணை வெச்சுத் தாண்டிக் காட்டுங்க" என்றாள்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

சனிக்கிழமை மதியம் நான் போனபோது பால்கனியில் அத்தான் நாக்கைத் துருத்திக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். மேல் அட்டைப் பழைய பந்து ஒன்றில் நீல ஸ்கெட்ச் பேனாவால் 'அப்பா' என்று எழுதுகிறார்.

"என்ன அத்தான் இது?"

"கத்தாதே மச்சான். புள்ள ஆசையா அப்பான்னு போட்டுக் குடுத்திருக்கு. அதைக் கொண்டுபோய்ச் சேத்துல தள்ளச் சொல்றியா?"

"அப்ப தாண்டாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

மை காய்வதற்கு ஊதினார். கிண்டல் செய்யத்தான் வாயெடுத்தேன், மனசு கேட்கவில்லை.

ஞாயிறு காலை நால்வரும் போனோம். குளம் வந்தது. மருந்துக்கடைக்காரர் முதலில் அடித்து, சுலபமாகத் தாண்டிவிட்டு, அக்கரைக்கு நடந்தார். அத்தான் பாக்கெட்டிலிருந்து தன் கைவேலையை எடுத்தார். மகள் அதை வாங்கி, இரண்டு கைக்குள்ளும் மூடிக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி கையைத் திறந்தபோது, உள்ளங்கை வியர்வையில் 'அப்பா' கரைந்து கை முழுக்க நீலம்.

அவள் கையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"இது நான் குடுத்தது இல்லையேப்பா."

"இல்லம்மா." அத்தான் மட்டையைப் புல்லில் ஊன்றிக்கொண்டார். "உன் பந்து தொலைஞ்சா தாங்க மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒரு தடவைகூட நான் இந்தக் குளத்தைத் தாண்டினதில்ல."

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. டிப்போ பக்கம் பஸ் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவள் கோபிக்கவில்லை. தன் தோள்பையிலிருந்து அச்சடித்த பந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"தொலைஞ்சா தொலையட்டும். அடிங்கப்பா."

அடித்தார். விறைத்துப்போன உடம்போடு, முட்டையைத் தட்டுவதுபோல. பந்து அரைக் குளம்கூடப் போகவில்லை, கரையோரமே பொத்தென்று விழுந்தது. அத்தான் நின்ற நிலையைப் பார்த்தால் அதோடு அவரும் விழுந்துவிடுவார் போலிருந்தது.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டாள். "மாமா, அந்த வடிகட்டியைக் குடுங்க" என்று என்னிடம் வாங்கிக்கொண்டு கரையில் குந்தினாள். அப்பாவும் பக்கத்தில் குந்தினார். "இன்னும் இடது பக்கம்மா, அழுத்தாதே, சேறு கலங்கிடும்." யார் யாருடைய பந்தோ வந்தது. ஒரு மூக்குக் கண்ணாடி வந்தது. கடைசியில், பாசி அப்பிய 'அப்பா'வும் வந்தது.

அத்தான் அதைச் சட்டையில் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இப்பப் பழசாயிடுச்சு" என்றார்.

புல்மேல் வைத்தார். தோள் தளர்ந்திருந்தது, கை நடுங்கவில்லை. வீசினார். பந்து எழுந்து, குளத்தின் மேலாகப் போய், அக்கரையில் மருந்துக்கடைக்காரரின் காலடியில் குதித்து உருண்டது. அவர் துள்ளி ஒதுங்கியதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் அத்தானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிப்பால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது, மை கரைந்த அந்தப் பந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் போன மறுநாள் அக்கா எனக்கு போன் செய்தாள்.

"டேய், உன் அத்தானுக்கு முத்திப்போச்சு. வந்து பாரு."

போனேன். பால்கனியில் ஒரு பக்கெட். அதில் குளத்திலிருந்து கொண்டுவந்த பாசித் தண்ணீர். உள்ளே மிச்சமிருந்த புதுப் பந்துகள் அத்தனையும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அத்தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து மகளின் போன்.

"நான் குடுத்த பந்தெல்லாம் எப்படிப்பா இருக்கு?"

அத்தான் பக்கெட்டுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்லா ஊறுதும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள பழசாயிடும்."