இடது கன்னத்து வெளிச்சம்

திருத்தங்கலில் எங்கள் வீட்டு முன்னறையை ஸ்டுடியோ ஆக்கியபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய கேமராவும் ஒரு ஃபிளாஷும்தான். அச்சகத்தில் காலண்டர் டிசைன் போடுகிற வேலையைக் குழந்தை பிறந்ததும் விட்டிருந்தேன். வீட்டிலிருந்தபடியே ஆட்களைப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று எண்ணம். ஃபிளாஷை அப்படியே முகத்தில் அடித்தால் மூக்கு மினுங்கும், பின்சுவரில் கறுப்பாக நிழல் விழும். அதை மென்மையாக்க முன்னால் எதை மாட்டுவது என்று தெரியாமல், உள்பக்கம் வெள்ளி பூசிய குடை ஒன்றும், வெள்ளைத் துணி மூடிய பெட்டி போன்ற சாஃப்ட்பாக்ஸ் ஒன்றும் வரவழைத்தேன். சரிப்படாததைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

சோதனைக்கு உட்கார்ந்தவள் என் நாத்தனார், கணவரின் தங்கை. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிறு மட்டும்தான் லீவு. அந்த ஞாயிறு முழுக்க முக்காலியில் உட்கார்ந்து, நான் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். அவளுடைய இடது கன்னத்தில் நீலம் கலந்த கறுப்பில் புள்ளிகள் உண்டு. சில வருடங்களுக்கு முன் வேலையிடத்தில் ஒரு வெடி கைமீறி வெடித்ததில் மருந்து தெறித்துத் தோலுக்குள் தங்கிவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளும் அந்தக் கன்னத்தை மறைத்து நின்று நான் பார்த்ததில்லை.

முதலில் குடை. அறை சின்னது; வெளிச்சம் நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது. முகம் முழுக்கப் பளிச்சென்று வந்தது. சுவர்களில் அடித்திருந்த பச்சையும் முகத்தில் சேர்ந்து வந்தது. கன்னத்துப் புள்ளிகள் ஒன்று விடாமல் தெரிந்தன.

பிறகு சாஃப்ட்பாக்ஸை அவளுக்கு வலப்பக்கம் வைத்து, வெளிச்சம் சிதறாமலிருக்க அதன் முகப்பில் கட்டம் கட்டமான துணிவலை ஒன்றை மாட்டினேன். கிரிட் என்பார்கள். பச்சை போய்விட்டது. வலது கன்னம் இதமாக ஒளிர்ந்தது. இடது கன்னம் இருட்டுக்குள் போய்விட்டது.

"மதினி, இந்தப் பக்கம் தெரியவே இல்லையே?"

"அதாம் புள்ள ஸ்டைலு. காலண்டர்ல வாறவக மாதிரி இருக்க, பாரு."

கேமராத் திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

குடையைத் திருப்பி அனுப்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் பச்சைச் சுவரைக் காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவுடன் என் மனதில் முதலில் எழுந்தது, 'அப்பாடா, புள்ளி தெரியல' என்பதுதான்.

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அந்தப் படத்தையே அனுப்பச் சொன்னதும் நான்தான். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. காப்பித் தட்டோடு அவள் வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"போட்டோவுல இது இல்லையே. முன்னமே சொல்லியிருக்கலாம்ல? ஏமாத்தணும்னே எடுத்திருக்கீக."

"அப்படியெல்லாம் இல்லம்மா. சுவரு பச்சை, முகத்துல அடிக்கும். அதுக்காகத்தான் லைட்ட ஒரு பக்கமா..." என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

நாத்தனார் தட்டைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பாமல் அந்த அம்மாவிடம், "நான் மறைக்கச் சொல்லலம்மா," என்றாள்.

காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்கள். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சிரு புள்ள. உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்..."

"தெரியும் மதினி." குழாயை மூடினாள். "கம்பெனில என்கூட இருக்க பிள்ளைகளுக்குக் கையில, களுத்துல எல்லாம் இருக்கு. நான் இதப் பெருசா நெனச்சதே இல்ல. நீங்க படத்தக் காட்டுன அன்னைக்குத்தான் உள்ள போயி கண்ணாடி பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன்."

நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேறொரு குடை வாங்கினேன், வெளிச்சம் ஊடுருவி வருகிற வெள்ளைத் துணிக் குடை. நான்கு சுவருக்கும் வெள்ளையடித்தேன். அவளை உட்காரக் கூப்பிட்ட ஞாயிறுகளில் எல்லாம் துணி துவைக்க இருந்தது, தலைக்குக் குளிக்க இருந்தது, தோழி வீட்டுக்குப் போக இருந்தது. பிறகு ஒருநாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டினாள். "இத அனுப்புங்கண்ணே."

நானும் வாங்கிப் பார்த்தேன். ஃபிளாஷ் நேராக அடித்திருந்தது. மூக்கு மினுங்கியது, காதுக்குப் பின்னால் நிழல். நான் தவிர்க்கப் பாடுபட்ட அத்தனை தவறும் அதில் இருந்தது. ஆனால் அவள் கண்கள் கேமராவை நேருக்கு நேர் பார்த்தன. என் படத்தில் அவளை வேறெங்கோ பார்க்கச் சொல்லியிருந்தேன்.

அந்தப் படத்துக்குத்தான் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஓர் அச்சகத்துக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். கல்யாணப் படங்களை நானே எடுக்கிறேன் என்றேன்.

"வேணாம் மதினி. அதுக்கு வெளிய ஆளு சொல்லிக்கிடுவோம். நீங்க என் பக்கத்துல நில்லுங்க."

பாசத்தில் சொன்னாளா, என் கேமராவை நம்பாமல் சொன்னாளா என்று கேட்கும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேடையில் அவள் பக்கத்தில் நின்றேன். சிரிக்கச் சொல்லி அந்தப் போட்டோக்காரர் என்னிடம் மட்டும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.