மூன்று இடம் விட்ட கடிதம்

டைப் அடித்த அந்தத் தாளில் மூன்று இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது, பல் விழுந்த வாய் மாதிரி. எழுபதுகளின் கடைசி. அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கிணற்று மோட்டார்க் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு வார்க்கும் பட்டறையைத் திருநகரில் தனியாளாக நிறுத்தியவன். சுத்துப்பட்டில் என் வால்வு இறங்காத கிணறு கிடையாது. பம்பாய் சேட்டு ஒருவர் விவரம் கேட்டு எழுதியிருந்தார். அவர் வைத்த கெடுவுக்குள் பதில் போய்ச் சேர அன்றைய தபாலை விட்டால் வழியில்லை.

சிம்மக்கல்லில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய டீச்சர்தான் என் இங்கிலீஷ் கடிதங்களை அடித்துத் தருவார். நான் தமிழில் சொல்லச் சொல்ல விரல் ஓடும், திடீரென்று நின்றுவிடும். வெயிட் என்றால் பின்னால் ஃபார் போடணுமாம், லிசன் என்றால் டு, டிபெண்ட் என்றால் ஆன். ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தாண்ணே, மனப்பாடந்தான்” என்பார். வீட்டுக்கு, வீட்டில் என்று நம் பேச்சில் ஒட்டிக்கொண்டு வருவதை இந்த இங்கிலீஷ்காரர்கள் எதற்குத் தனியாகப் பிரித்து, ஆளுக்கொன்றாய் மாட்டிவிட்டார்கள்? எனக்குத் தலை சுற்றும். சந்தேகம் வந்தால் டீச்சர் அந்த இடத்தை வெறுமனே விட்டு, அகராதி பார்த்து, அப்புறம் பேனாவால் நிரப்புவார். தப்போடு ஒரு தாளும் தன் இடத்தை விட்டுப் போகக் கூடாது. அதில் அம்புட்டு வைராக்கியம்.

அன்றைக்கும் அகராதி பார்க்க மாடிக்குப் போனார். தபால் எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. “டீச்சர், இத்துனூண்டு வார்த்தைக்காக பம்பாயையே விடச் சொல்றீகளா?” என்று படியைப் பார்த்துக் கத்தினேன். “இருங்கண்ணே, வாரேன், வாரேன்!” நான் இருக்கவில்லை. கையெழுத்தைப் போட்டேன், உறையில் திணித்தேன், ஓடினேன்.

பதினைந்து நாளில் ஆர்டர் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய், டைப் பழக வந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, “பார்த்தீகளா டீச்சர், உங்க குட்டி வார்த்தை இல்லாமலே பம்பாய் மடங்கிருச்சு!” என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. “கார்பன் நகல்ல மூணையும் எழுதி, மன்னிப்பும் கேட்டு, அன்னைக்கே ரயிலடித் தபாலுக்கு ஓடி நானும் ஒண்ணு போட்டுட்டேண்ணே. உங்க பேரு கெடக் கூடாதுல்ல” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்றுதான் சேட்டு எழுதியிருந்தார். எந்தக் கடிதம்? இன்றைக்கு என் வால்வு வடக்கே எத்தனையோ ஊருக்குப் போகிறது. ஓட்டைக் கடிதத்தால் பம்பாயைப் பிடித்தவன் என்று நானே ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. சேட்டு வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன், மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அவர் கண்ணை மூடும்வரை, அந்த ஒன்றை மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.