கனடாவுக்கு முன்னாலே புறப்பட்ட பை

கட்டுநாயக்கவிலிருந்து டொரொண்டோவுக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர் இருக்கும் என்றாள் மகள். நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும், எல்லாமாக இருபது மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். தூரத்துக்கு நான் பயப்படவில்லை. புறப்படும் நேரம்தான் பயமாக இருந்தது. அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அப்போது நான் பக்கத்தில் இல்லை. இந்தத் தடவை அவளைப் பிரசவ ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் நான் அங்கே நிற்க வேண்டும்.

விமானம் புதன்கிழமை மாலை. வேன்காரர் பன்னிரண்டரைக்குத்தான் வர முடியும் என்றார். புதனன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. பயணச் சாமான் ஒன்றை நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். காலையிலேயே கைப்பையை அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அதற்குள்ளேதான்.

வேன் வந்தது. அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. என் மகளுக்குக் கொடுத்துவிடப் பிரசவ மருந்து வாங்கக் கெலிஓயாவுக்குப் போயிருக்கிறார் என்றார் எதிர்க் கடைக்காரர். போன் எடுத்தோம். பூட்டிய கதவுக்குப் பின்னால் மணி அடித்தது.

கால் மணித்தியாலம் காத்திருந்தோம்.

"கடுகண்ணாவையில ரோட்டு வேல நடக்குதும்மா. இனியும் நின்னா பிளேன் இல்ல."

"பூட்ட ஒடைங்க தம்பி."

"ஐயோ, அடுத்தவங்க வீடு! பொலிஸ் வந்தா?"

"கெழவி கனடாவுக்கு ஓடிட்டான்னு சொல்லுங்க."

வேன்காரர் டயர் மாற்றும் ஜக்குக் கம்பியால் பூட்டை உடைத்தார். பையை நான் கையில் எடுத்தபோது மணி ஒன்று, ராகு காலத்துக்கு உள்ளே. என் வீட்டுப் பூட்டைக் கழற்றி அக்கா வீட்டுக்குப் போட்டு, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். என் வீட்டைச் சும்மா சாத்திவிட்டு ஏறினேன். அடுத்தவர் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவள் இல்லை நான்.

விமானத்தில் முன் சீட்டின் முதுகில் சின்னத் திரை ஒன்று இருந்தது. எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பேன், இலக்கம் நன்றாகத் தெரியும். கிலோமீட்டர் குறைந்துகொண்டே வந்தது. விமானம் குலுங்கும்போதெல்லாம் உடைந்த பூட்டுத்தான் கண்ணில் நின்றது. பிறகு ஒன்று தோன்றியது. முதல் தடவை நான் எந்தக் கெட்ட நேரத்திலும் வாசலைத் தாண்டவில்லை. வீட்டிலேயேதான் இருந்தேன். பிள்ளை போகத்தானே செய்தது?

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுகட்டிலில் ஏற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது.

"நல்ல நேரத்துலதானம்மா பொறப்பட்டீங்க?"

"பை நல்ல நேரத்துல பொறப்பட்டிச்சு. நான் பின்னாடி வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே உள்ளே போனாள்.

சுவர் மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டிக் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளை அழுத சத்தம் கேட்டபோதும் நேரம் பார்க்கவில்லை. சாதகம் எழுத நேரம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் குறித்து வைத்திருப்பார்கள்.