இரண்டாவது மணி

நேற்று சாயங்காலம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் இறக்கிவைத்த பையிலிருந்து மல்லிகை வாசம் வந்தது. காலையில் பறித்த மொட்டெல்லாம் மலரத் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு உடனே பத்தாம் வகுப்பின் கடைசிப் பீரியட் ஞாபகம் வந்துவிட்டது.

சொன்னால் சிரிப்பீர்கள். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிது. கடைசிப் பீரியடில் இப்படித்தான் கமகமவென்று வந்தது. “யாருடி சென்ட் அடிச்சிட்டு வந்தது?” என்று அதட்டினேன். வகுப்பே சிரித்தது. ஜோதி என்ற பெண் எழுந்து தாவணியை உதறினாள். நாலைந்து பூக்கள் விழுந்தன. விடியற்காலையில் தோட்டத்தில் மொட்டாக மடிப்பில் ஒட்டிக்கொண்டவை. காலையில் அவை மணப்பதில்லை என்பதுகூட, டவுனில் வளர்ந்த எனக்குத் தெரியாது.

சீசனில் ஜோதி மாதிரிப் பிள்ளைகள் பூப்பறித்துவிட்டு ஓடி வருவதற்குள் பிரேயர் முடிந்து பாடமும் பாதி ஓடியிருக்கும். பரீட்சை நெருங்கும் நேரம். படிப்பில் கெட்டிக்காரியான ஜோதியை நிறுத்திவிடுவதென்றே அவள் அப்பா வந்துவிட்டார்.

“வெயிலேறுமுன்ன பறிக்கணும் டீச்சர். மலந்துட்டா எவன் வாங்குவான்? ரெண்டையும் புள்ள எப்படிப் பாக்கும்?”

தலைமை ஆசிரியை அவரை உட்காரச் சொன்னார். “பூவு பொறுக்காதுண்ணே. பள்ளிக்கூடம் செத்த நேரம் பொறுக்கும். பறிச்சிட்டே அனுப்புங்க.”

மறுநாளிலிருந்து தையலும் விளையாட்டும் முதல் பீரியடுக்கு வந்தன. பூப்பறிக்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் வேப்பமரத்து மணி இன்னொரு தடவை அடிக்கும். அதற்குப் பிறகுதான் வருகைப்பதிவும் கணக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

“நாடு முன்னேறணும்னு கொடியேத்திப் பேசுறோம்ல? இந்தப் புள்ள பத்தாவதே தாண்டாட்டி எங்குட்டு முன்னேறுறது?” என்றார் தலைமை ஆசிரியை.

ஜோதி தாண்டினாள். இன்று வேடசந்தூரில் நர்ஸாக இருக்கிறாள். அந்தத் தலைமை ஆசிரியை அம்மாவை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். வகுப்பு வாசலில் மூச்சிரைக்க ஒரு சிறுமி வந்து நின்றாள். சுடிதார் முட்டிவரை பனி ஈரம். தோள்மடிப்பில் ஒரு மொட்டு. வகுப்பு டீச்சர் போனை என்னிடம் காட்டினார்.

“அட்டெண்டன்ஸ் ஏத்தியாச்சு டீச்சர். நேரம் தாண்டினா இந்த ஆப் திறக்காது. இவ இன்னைக்கு வரல.”

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மணி அதே வேப்பமரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வராத பெண் எங்கள் இருவருக்கும் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.