ஆற்றில் எடுத்த பதினோரு கற்கள்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவரை 'க்யூப் அண்ணன்' என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. கொட்டுகிற கான்கிரீட்டில் கொஞ்சம் அள்ளி அரையடி கனசதுர இரும்பு அச்சில் அடைத்து 'க்யூப்' வார்ப்பார். ஈரம் காயுமுன் ஆணியால் தேதியும் தூண் எண்ணும் கீறுவார். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய பிறகு எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். எத்தனை டன்னில் உடைகிறதோ, கட்டியதன் பலம் அவ்வளவுதான்.

அன்று காலை அவர் மனைவி பேப்பரை நீட்டினார். "என்னங்க, ஆத்துல ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு கெடைச்சிருக்காம். பதினோரு கல்லும் ஒரே அளவாம். எடைக்கல்லா இருக்கும்னு வரலாறு வாத்தியார் சொல்றாரு. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

படத்தில் இருந்தவை அவருடைய க்யூப்கள். பதினான்கு வருடத்துக்கு முன் அதே ஆற்றுப் பாலத்தின் நான்காம் தூணுக்கு வார்த்தவை. "நசுக்கவே வேணாம்யா, தேறாது. ஆத்துல தள்ளு. சிமென்ட்ட தூக்கலாப் போட்டு சோதனைக்கு வேற செஞ்சு வை" என்றார் அன்றைய என்ஜினியர். வேலை நிரந்தரமாகாத நேரம். வாயை மூடிக்கொண்டு செய்தார். பாலம் திறந்த பிறகும் அவர் மட்டும் அதில் ஏறாமல் பழைய ரோட்டில் ஏழு கிலோமீட்டர் சுற்றிப் போவார். கேட்டால், "சும்மா காத்து வாங்கத்தான்" என்று சிரிப்பார். மகளுக்கு அக்கரையில் நர்ஸ் வேலை கிடைத்து, தினமும் அவள் பாலத்தில் போகத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

கற்களைப் பார்வைக்கு வைத்திருந்த நூலகத்துக்குத் துணிப்பையோடு போனார். கீறிய எண் இன்னும் அழியாத ஒரு கல்லை நைசாகத் தூக்கிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் வாத்தியார் அதையே எடுத்து அவர் கையில் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க அண்ணே. இந்தக் கீறல் ஏதோ குலச்சின்னம். வியாழக்கிழமை நிபுணர் வராங்க."

மணல் அரித்து மழுங்கியிருந்தாலும் அது அவர் கையெழுத்து. வால் நீண்ட நாலு.

"சார், இது நான் செஞ்சது."

"அப்ப உங்களுக்கு ரெண்டாயிரம் வயசா?" வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். மீதியையும் அவர் சொல்லச் சொல்லச் சிரிப்பு வடிந்தது. "பொய். வாங்க, இப்பவே உடைச்சுப் பாத்துடலாம்!"

சோதனைக்கூடத்தில் எந்திரம் உறுமியது. எழுபது டன்னாவது தாங்க வேண்டும். இருபது. இருபத்தைந்து. வாத்தியார் அளவு முள்ளைப் படித்துச் சொல்ல, இவர் அதைப் பார்க்கப் பயந்து வாத்தியாரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றில் படாரென்று வெடித்தது. உள்ளே ஜல்லி, மண், கட்டுக்கம்பித் துண்டு ஒன்று.

வாத்தியார் தம் பெருமையெல்லாம் மறந்து, "அப்ப பாலம்?" என்றார்.

க்யூப் அண்ணன் போனில் மகளைக் கூப்பிட்டார்.

"பஸ்ல இருக்கேன்பா. பாலத்துல ஒரே நெரிசல், நகரவே மாட்டேங்குது."

"எறங்கும்மா. எறங்கி நட."

"என்னப்பா விளையாடறீங்களா? எந்தப் பக்கம் நடக்கறது?"

"எந்தக் கரை கிட்டயோ, அந்தப் பக்கம். எல்லாரையும் எறங்கச் சொல்லு."

போனைப் பொத்திக்கொண்டு வாத்தியாரிடம் திரும்பினார். "போலீசுக்குப் போன் போடுங்க சார். பாலத்தை மூடச் சொல்லுங்க. யார் சொன்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

காதில் ஹாரன் சத்தமும் மகளின் மூச்சிரைப்பும் கேட்டன. "எறங்கிட்டேன்பா. என்னன்னு சொல்லுங்க, பயமா இருக்கு."

"நடந்துகிட்டே கேளும்மா" என்று, பதினான்கு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினார்.